வெளியேற வழி விடும் வலை: அவுஸ்திரேலியாவில் யாபி பிடிப்பதும் அதன் விதிகளும்

கோடை தொடங்கிவிட்டால் விக்டோரியா மாநிலத்தின் நீர்த்தேக்கக் கரைகளில் எங்கள் ஆட்களையும் காணலாம். ஒரு வாளி, நாலைந்து கோழிக் கழுத்து, நைலோன் கயிறு, கம்பி வளையத்தில் கட்டிய ஒரு வலை. இவ்வளவுதான் சாமான். அவர்கள் தேடிப் போவது ‘யாபி’ என்று இங்கே அழைக்கப்படும் நன்னீர்ச் சிங்க இறாலை. மெல்பேர்ணில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் படங்களில், வாளிக்குள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பச்சை கலந்த மண்ணிற உயிரினத்தை ஊரில் இருக்கும் சிலரும் பார்த்திருப்பீர்கள்.

நான் இங்கே வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகளில் யாபியும் இருக்கும். எந்த வலை வாங்கலாம், எத்தனை பிடிக்கலாம், அதிகாரி வந்தால் என்ன சொல்வது என்று கேட்பார்கள். இதை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஒரு அண்ணை கேட்ட கேள்வியால்தான். “உதுக்கும் பாஸ் எடுக்கோணுமே?” என்றார் அவர்.

‘பாஸ்’ என்ற சொல் அவருடைய வாயில் சும்மா வரவில்லை. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கில் கடலுக்கு இறங்குவதற்குப் பாஸ் வேண்டும். எத்தனை மணிக்கு இறங்குவது, எத்தனை மணிக்குக் கரை திரும்புவது, எவ்வளவு தூரம் போவது, எத்தனை குதிரைவலு இயந்திரம் பூட்டுவது என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு இருந்தது. அந்தக் கட்டுப்பாடுகளில் ஒன்றுகூட மீனைக் காப்பாற்றுவதற்காகப் போடப்பட்டதில்லை. ஆகவே நீர்க்கரையில் சீருடையோடு ஒருவர் வந்து அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேட்டால், எங்கள் வயதுக்காரருக்கு வயிற்றைக் கலக்குவது இயல்பு.

யாபி பிடிக்கும் விதிகளை இங்கே சொல்லப்போகிறேன். அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் விளங்கிவிட்டால் விதி தானாக நினைவில் நிற்கும். பயமும் பாதி குறைந்துவிடும்.

யாபி என்பது என்ன?

இலங்கையில் நன்னீர்ச் சிங்க இறால் இயற்கையில் இல்லை. எங்கள் குளங்களில் பிடிபடும் நன்னீர் இறால் வேறு குடும்பம். யாபியைக் கையில் எடுத்துப் பார்த்தால், எங்கள் கடலில் பிடிபடும் சிங்க இறாலைச் சின்னதாக்கி, முன்னால் நண்டின் கொடுக்கு இரண்டைப் பொருத்தியது போலிருக்கும். பெரும்பாலானவை ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கிவிடும். யாபி என்ற பெயரே மரே ஆற்றை அண்டிய வெம்பா வெம்பா பழங்குடி மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. வெள்ளையர் இந்த மண்ணில் கால் வைப்பதற்கு முன்பிருந்தே அந்த மக்கள் இதைப் பிடித்து உண்டு வந்தவர்கள்.

யாபி வறட்சியைத் தாங்கும் பிராணி. குளம் வற்றத் தொடங்கினால் சேற்றைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். ஈரம் இருக்கும் ஆழத்தில் வளைக்குள் கிடந்து மழைக்காகக் காத்திருக்கும். தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தாலும் சமாளிக்கும். வேகமாக வளரும். ஒரு வருடத்துக்குள்ளேயே முட்டையிடத் தயாராகிவிடும். தண்ணீர் சூடாக இருக்கும் மாதங்களில் ஒரு தடவைக்கு மேலும் முட்டையிடும். நூற்றுக்கணக்கான முட்டைகளை வாலின் கீழே ஒட்டவைத்துச் சுமந்து திரியும். பொரித்த குஞ்சுகளும் சில காலம் தாயின் வாலடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் சோர்ந்து அடங்கிவிடும். அதனால்தான் யாபிக்காரருக்குக் கோடை முக்கியம்.

இப்படி விரைவாகப் பெருகும் உயிரினம் என்பதால் விக்டோரியாவில் யாபிக்கு மூடிய பருவம் இல்லை, குறைந்தபட்ச அளவும் இல்லை. ஒருவர் ஒரு நாளில் 30 லீற்றர் வரை பிடிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். வாலடியில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அதை உடனே தண்ணீரில் விட்டுவிடவேண்டும். ஆகவே பிடித்ததை வாளியில் போடுவதற்கு முன்னர் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு முதலில் பழக்கவேண்டியது இதைத்தான்.

பிடிக்கும் முறை

மிக எளிதான முறை கயிறு. ஒரு துண்டு இறைச்சியைக் கயிற்றில் கட்டி, கரையோரம் தண்ணீரில் போட்டுவிட்டு இருக்கவேண்டும். தூண்டில் முள் தேவையில்லை. யாபி இறைச்சியைக் கவ்வி இழுக்கும்போது கயிறு மெதுவாக இறுகும். அவசரப்படாமல், அது விடாதபடி கயிற்றைக் கரைக்குக் கொண்டுவந்து, கீழே ஒரு சிறு கை வலையைப் பிடித்துத் தூக்கவேண்டும். யாபி கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்ததும் பிடியை விட்டுப் பின்பக்கமாகப் பாய்ந்துவிடும். பொறுமை இல்லாதவருக்கு வாளி நிறையாது.

இரண்டாவது, மேல் திறந்த தூக்கு வலை. ஒரு கம்பி வளையம், அதில் தட்டையாகவோ சிறு பை போலவோ கட்டிய வலை, நடுவில் இரை. தண்ணீருக்கு அடியில் போட்டு, சில நிமிடங்கள் கழித்து ஒரே இழுவையில் தூக்கவேண்டும். தூக்கும்போது உள்ளே நிற்பவைதான் கிடைக்கும். விக்டோரியாவில் ஒருவர் இப்படியான வலைகளை 10 வரை பயன்படுத்தலாம்.

பிடித்ததை நல்ல தண்ணீரில் ஒரு நாள் விட்டால் வயிற்றிலிருக்கும் சேறு போய்விடும். அதன் பின்னர் ஐஸ் தண்ணீரில் போட்டு மரத்துப் போகச் செய்துவிட்டு, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போடுங்கள். உயிரோடு துடிக்கத் துடிக்க அவிப்பதைவிட இது இரக்கமான முறை. வாலில் உள்ள சதை கொஞ்சம்தான். ஆனால் எங்கள் சமையலில் தலையும் கொடுக்கும் வீணாகாது. இங்கே ஒடியற்கூழுக்கு யாபி போடுகிற வீடுகள் இருக்கின்றன. கோடையில் சில நீர்நிலைகளில் நீலப்பச்சைப் பாசி பரவும். கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் அன்றைக்குப் பிடிக்காமல் திரும்பிவிடுவதே நல்லது.

இன்னொன்று. நீர்த்தேக்கங்களின் கரை பார்ப்பதற்குத் தட்டையாகத் தெரியும். ஆனால் சேறு காலை இழுக்கும், இரண்டடி தள்ளி திடீரென்று ஆழம் வரும். தண்ணீரும் குளிர். குளத்தில் நீந்திப் பழகியவர் என்ற துணிவில் இறங்கவேண்டாம். பிள்ளைகள் கரையில் நின்றால் ஒரு பெரியவருடைய கண் வலையில் இருக்கக்கூடாது, பிள்ளையில் இருக்கவேண்டும்.

தடை செய்யப்பட்ட வலை

விதிகளில் மிகவும் கடுமையாகப் பார்க்கப்படுவது வலையின் வகை. ‘ஒப்பேரா ஹவுஸ் வலை’ என்று ஒன்று இருக்கிறது. மடக்கி விரித்தால் சிட்னியின் ஒப்பேரா மண்டபத்தின் கூரை போல வளைந்து நிற்பதால் அந்தப் பெயர். நாற்புறமும் மூடிய கூடு அது. இரண்டு பக்கமும் புனல் போன்ற வாசல். உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கடினம். எங்கள் களப்பில் வைக்கும் மீன் கூட்டின் அதே தத்துவம்தான். இரவு போட்டுவிட்டுக் காலையில் போய் எடுக்கலாம் என்பதால் எல்லோரும் விரும்பினார்கள். விலையும் மலிவு.

பிரச்சினை என்னவென்றால், கூட்டுக்குள் நிற்கும் யாபியைத் தேடி வேறு உயிர்களும் வரும். அவுஸ்திரேலிய ஆறுகளில் பிளாட்டிபஸ் என்ற பிராணி வாழ்கிறது. வாத்தின் அலகும் நீர்நாயின் உடலும் கொண்டது. முட்டையிட்டுப் பால் கொடுப்பது. அது தண்ணீருக்குள் இரை தேடும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் தேடும். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்செடுக்கவேண்டும். கூட்டுக்குள் போனால் மேலே வர வழியில்லை. சில நிமிடங்களில் மூழ்கிச் செத்துவிடும். ‘ரகாலி’ என்ற நீர் எலிக்கும் நன்னீர் ஆமைக்கும் இதே கதிதான். ஒன்று உள்ளே அகப்பட்டால் அதன் பின்னால் இன்னொன்றும் போகும். ஒரே கூட்டில் பல பிளாட்டிபஸ்கள் செத்துக் கிடந்த சம்பவங்கள் உண்டு. எங்கள் குளங்களில் திரியும் நீர்நாயை நினைத்துக்கொண்டால் இது எப்படிப்பட்ட சாவு என்று விளங்கும்.

விக்டோரியா அரசு 2019 ஜூலை 1 முதல் இந்த வலையைத் தடை செய்தது. பொது நீர்நிலைகளில் மட்டுமல்ல, தனியார் தோட்டக் குளங்களிலும் தடை. பயன்படுத்துவது மட்டுமல்ல, நீர்க்கரையில் வைத்திருப்பதும் குற்றம். நியூ சவுத் வேல்ஸ், தென் அவுஸ்திரேலியா மாநிலங்களும் பின்னர் இதே வழிக்கு வந்தன. பழைய வலைகள் இன்னமும் வீட்டுக் கராஜ்களில் கிடக்கின்றன. யாராவது ‘வைத்திருங்கள், சும்மா கிடக்கிறது’ என்று தந்தால் வாங்கவேண்டாம்.

இந்தத் தடையில் நான் கவனித்த ஒரு விடயம் உண்டு. தடையை அறிவித்துவிட்டு அரசு கைகழுவவில்லை. பழைய வலையைக் கொண்டுவந்து கொடுத்தால் திறந்த தூக்கு வலையை மாற்றாகத் தரும் திட்டம் நடந்தது. ஒருவர் பயன்படுத்தக்கூடிய தூக்கு வலைகளின் எண்ணிக்கையும் 5 இலிருந்து 10 ஆகக் கூட்டப்பட்டது. ஒரு வலையைப் பறித்தவர்கள் இன்னொரு வலையைக் கையில் கொடுத்தார்கள். இது ஏன் முக்கியம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அனுமதிப்பத்திரமும் அதிகாரியும்

அண்ணையின் கேள்விக்குப் பதில்: ஓம், எடுக்கவேண்டும். விக்டோரியாவில் பொழுதுபோக்கு மீன்பிடி அனுமதிப்பத்திரம் என்று ஒன்று உண்டு. தூண்டில் போடுவதற்கும் யாபி பிடிப்பதற்கும் அதுதான். 3 நாட்கள், 28 நாட்கள், ஒரு வருடம், மூன்று வருடங்கள் என்ற கால அளவுகளில் இணையத்திலேயே வாங்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் தேவையில்லை. ஆகவே பேரப்பிள்ளையும் தாத்தாவும் தாராளமாகக் கயிறு பிடிக்கலாம். நடுவில் நிற்கும் தகப்பன், தாயிடம் பத்திரம் இருக்கவேண்டும். அந்தப் பணம் ஆறுகளிலும் ஏரிகளிலும் மீன் குஞ்சு விடுவது, கரையில் வசதி செய்வது போன்ற வேலைகளுக்குப் போகிறது.

பொழுதுபோக்காகப் பிடித்ததை விற்கக்கூடாது. வீட்டுக்குச் சமைக்கலாம், விருந்துக்கு வந்தவருக்குப் பரிமாறலாம். ஆனால் வட்ஸ்அப் குழுவில் விலை போட்டு விற்றாலும், உணவகத்துக்குக் கொடுத்துக் காசு வாங்கினாலும் அது குற்றம். ஒரு நீர்நிலையில் பிடித்ததை உயிரோடு கொண்டுபோய் இன்னொரு நீர்நிலையில் விடுவதும் கூடாது.

மீன்பிடி அதிகாரி வந்தால் பத்திரத்தைக் கேட்பார், வாளியைப் பார்ப்பார், வலையைப் பார்ப்பார். தேவைப்பட்டால் வாகனத்தையும் பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. விசாவைப் பார்ப்பது அவருடைய வேலை இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் படகில் வந்த எங்களவர்களில் ஒரு பகுதியினர் 10 வருடங்களுக்கு மேலாகியும் தற்காலிக விசாவிலேயே இருக்கிறார்கள். 2023 இல் பலருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறந்தது. ‘விரைவு விசாரணை’யில் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2013 டிசெம்பருக்குப் பிறகு இடைக்கால விசா பெற்றவர்களில் பலர், நாட்டின் சட்டங்களை மீறமாட்டோம் என்று நடத்தைக் கோவையொன்றில் கையெழுத்தும் இட்டவர்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஒரு சின்னத் தண்டப் பத்திரம்கூடப் பல இரவுகளின் நித்திரையைக் கெடுத்துவிடும். அதனால் கரைப்பக்கமே போகாமல் வீட்டுக்குள் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: விதி நாலைந்துதான். அவற்றைத் தெரிந்துகொண்டு போனால், அதிகாரியோடு நின்று யாபி பற்றிக் கதைத்துவிட்டு வரலாம்.

மரே ஆற்றின் முள் இறால்

யாபியை வைத்து எல்லாவற்றையும் எடைபோடக்கூடாது. மரே ஆற்றிலும் அதன் கிளைகளிலும் வாழும் பெரிய நன்னீர்ச் சிங்க இறால் ஒன்று உண்டு. உடலில் முள், கொடுக்கு வெள்ளை. உலகிலேயே இரண்டாவது பெரிய நன்னீர்ச் சிங்க இறால் இனம் இது. இரண்டு கிலோவுக்கு மேலும் வளரும். முதலாவது பெரியது தஸ்மேனியாவில் இருக்கிறது. அதைப் பிடிப்பது 1998 முதல் முற்றாகத் தடை.

மரே முள் இறாலின் வாழ்க்கை யாபியின் வாழ்க்கைக்கு நேர் எதிர். ஓடும் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், ஒட்சிசன் நிறைய வேண்டும். மிக மெதுவாக வளரும். பெண் முட்டையிடும் பருவத்துக்கு வருவதற்கே எட்டு வருடங்களளவு எடுக்கும். வருடத்தில் ஒரே ஒரு தடவை, குளிர்காலம் தொடங்கும்போது முட்டையிட்டு, வசந்தம் வரை சுமக்கும். ஒரு ஆற்றுப் பகுதியில் இருப்பதை அள்ளிவிட்டால் திரும்ப வர ஒரு தலைமுறை எடுக்கும்.

அதனால் விதியும் வேறு. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மட்டுமே பிடிக்கலாம். ஒரு நாளுக்கு ஒருவர் 2 மட்டும். அளவு 10 சென்ரிமீற்றருக்கும் 12 சென்ரிமீற்றருக்கும் இடையில் இருக்கவேண்டும். அளப்பது கண்குழியின் பின் விளிம்பிலிருந்து தலை ஓட்டின் பின் விளிம்பு வரை. வால் சேர்க்கப்படாது, ஏனென்றால் வாலை மடக்கலாம், நீட்டலாம். 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்தது இன்னும் வளரவேண்டியது. 12 சென்ரிமீற்றருக்குக் கூடியது நிறைய முட்டையிடும் பெரிய தாயாக இருக்கலாம். இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதைத்தான் எடுக்கச் சொல்கிறது விதி. முட்டை சுமந்த பெண்ணை எந்த அளவிலும் எடுக்கக்கூடாது. பிடிக்க அனுமதிக்கப்பட்ட அந்த மூன்று மாதங்களிலும் முதிர்ந்த பெண்களில் பெரும்பாலானவை முட்டையோடு இருக்கும். ஆகவே வாளிக்கு வருவது பெரும்பாலும் ஆண்தான். தாயும் பிள்ளையும் ஆற்றிலேயே நிற்கும்.

எங்கள் ஆட்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. மரே ஆறு விக்டோரியாவின் எல்லையில் ஓடுகிறது. ஆனால் எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் இல்லை. தென்கரையின் மேல்விளிம்புதான் எல்லை. தண்ணீர் முழுவதும் நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். விக்டோரியாக் கரையில் நின்று வலை போட்டாலும் நியூ சவுத் வேல்ஸ் பத்திரம் வேண்டும். அங்கே முள் இறால் பிடிக்கத் திறந்திருக்கும் ஆற்றுப் பகுதிகளும் வரையறுக்கப்பட்டவை. எந்தக் கரையில் பிடித்தாலும், முள் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடுவதே பாதுகாப்பு.

2010, 2011 ஆம் ஆண்டுகளில், நீண்ட வறட்சி ஒன்றின் பின்னர் மரே ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. வருடக்கணக்கில் தரையில் சேர்ந்திருந்த இலைகுழைகளை வெள்ளம் வாரிக்கொண்டு போனது. அவை அழுகியபோது தண்ணீர் கறுத்தது, ஒட்சிசன் இல்லாமல் போனது. முள் இறால்கள் மூச்செடுக்க முடியாமல் ஆற்றை விட்டு வெளியேறிக் கரையிலும் மரக்கட்டைகளிலும் ஏறி நின்றன. அப்படி நிற்பதைக் கையால் பொறுக்கி எடுக்கலாம். வலையே தேவையில்லை. ஆனால் எடுக்கக்கூடாது. மூடிய பருவமும் அளவும் எண்ணிக்கையும் அப்போதும் செல்லும். தப்பி வந்து கரையில் நிற்பதைப் பொறுக்குவது மிக எளிது என்பதால்தான் அங்கே விதி அதிகம் தேவைப்படுகிறது. இதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஊருக்குக் கொண்டுவரலாமா?

யாபி பற்றிப் பேச்சு வந்தால் முதலீடு செய்யும் எண்ணமுள்ள ஒருவர் கட்டாயம் கேட்பார்: இவ்வளவு வேகமாகப் பெருகும் என்றால் வன்னியில் வளர்க்கலாமே என்று. என் பதில்: தயவுசெய்து வேண்டாம். 1932 இல் விக்டோரியாவிலிருந்து சில யாபிகளை மேற்கு அவுஸ்திரேலியாவின் தோட்டக் குளமொன்றுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அவை அந்த மாநிலத்தின் ஆறுகளுக்குள் பரவி, அங்கேயே பிறந்த இனங்களின் இடத்தைப் பிடிக்கின்றன. ஒரே நாட்டுக்குள்ளேயே இந்த நிலைமை. சுவீடன் 1960 களில் அமெரிக்க இனமொன்றைக் கொண்டுவந்து தன் ஏரிகளில் விட்டது. அந்த இனம் ஒரு நோயைச் சுமக்கக்கூடியது. அதைத் தான் தாங்கிக்கொள்ளும், உள்ளூர் இனம் தாங்காது. யாபி மண்ணைத் துளைக்கும் பிராணி என்பதையும் நினைவில் வையுங்கள். குளக்கட்டை நம்பி வாழும் ஊருக்குள் அதைக் கொண்டுவரக்கூடாது.

எங்கள் குளமும் எங்கள் கடலும்

கொண்டுவரக்கூடியது விதியின் பின்னால் இருக்கும் கணக்கை. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, அதாவது நெக்டா, வன்னிக் குளங்கள் உட்படப் பல குளங்களில் நன்னீர் இறால் குஞ்சுகளை விடுகிறது. அந்த இறாலின் குஞ்சு வளர்வதற்கு உவர் கலந்த தண்ணீர் வேண்டும். குளத்துக்குள் அது முட்டை சுமந்தாலும் குஞ்சு பிழைக்காது. விட்ட குஞ்சு எத்தனையோ அதுதான் அந்தக் குளத்தின் முதல். ஆகவே அங்கே முக்கியமான விதி முட்டை சுமந்ததை விடுவது அல்ல, சின்னதைப் பிடிக்காமல் வளர விடுவது. கண் சிறுத்த வலை போட்டுக் குஞ்சை அள்ளினால் சங்கத்தின் முழுப் பருவமும் போய்விடும். கடல் சிங்க இறாலுக்கு வேறு கணக்கு. அது கடலிலேயே பெருகுவது. அதனால்தான் இலங்கைச் சட்டமும் முட்டை சுமந்த சிங்க இறாலைப் பிடிக்கக்கூடாது என்கிறது.

எங்களிடம் சட்டம் இல்லாமல் இல்லை. தங்கூசி வலைக்குத் தடை உண்டு. வெடி வைத்து மீன் பிடிக்கத் தடை உண்டு. இழுவை மடிக்கு எதிராக 2017 இல் பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அந்தச் சட்டங்களை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்டு முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் வீதிக்கு இறங்கியவர்கள் கடற்றொழிலாளர்களே. விதி எங்களுக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்லமுடியாது. பாஸ் கேட்டு நிறுத்திய விதியையும், கடலடியைச் சுரண்டாதே என்று சொல்லும் விதியையும் எங்கள் சனம் நன்றாகப் பிரித்தறியும்.

குறைவாக இருப்பது, விக்டோரியாவில் நான் பார்த்த அந்த மாற்று ஏற்பாடு. அங்கே தடைக்குட்பட்டவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர்கள். வலை போனால் ஒரு சனிக்கிழமை போகும், அவ்வளவுதான். அவர்களுக்கே மாற்று வலை கொடுத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு வலை தடை செய்யப்பட்டால் அடுத்த நாள் அடுப்பு எரியாத வீடு இருக்கிறது. கணவனைப் போரில் இழந்து, களப்பில் இறால் தடவி விற்றுப் பிள்ளை வளர்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களின் கையிலிருக்கும் வலையைப் பறிமுதல் செய்வது இலகு. மாற்றைக் கொடுத்துவிட்டுத் தடை செய்வதுதான் நியாயம். கடற்றொழிலாளர் சங்கங்களும் சமாசங்களும் அதிகாரிகளோடு பேசும்போது இந்த ஒன்றைக் கேட்கவேண்டும். தடை எந்தத் திகதியிலிருந்து என்று கேட்பதோடு, மாற்று வலை எந்தத் திகதியில் வரும் என்றும் கேளுங்கள்.

இங்கே விக்டோரியாவில் இருப்பவர்களுக்கு ஒரு கடைசிக் குறிப்பு. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறக்கூடும். புறப்படுவதற்கு முதல்நாள் மாநில மீன்பிடி அதிகார சபையின் வழிகாட்டியைத் தொலைபேசியில் ஒருமுறை பாருங்கள். வீட்டில் ஆங்கிலம் நன்றாகப் படிக்கும் பிள்ளை இருந்தால் அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அளவுகோலைப் பிடித்து அளக்கும் வேலையையும் அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.